ஜாம் பாட்டிலும் யவனர் விளக்கும்

போன மாதம் சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு பெரிய வீட்டு அலங்காரக் கடைக்குள் நுழைந்தேன். வாங்கும் உத்தேசம் ஒன்றும் இல்லை. வெளியே வெயில், உள்ளே ஏசி, அவ்வளவுதான். நட்டநடுவில் ஒரு மேஜை. அதன்மேல் அகலவாய்க் கண்ணாடி பாட்டில் ஒன்று. கழுத்தில் கயிறு சுற்றி, உள்ளே இரண்டு விரல்கடை மணல் போட்டு, மணலில் ஒரு மெழுகுவர்த்தி நட்டிருந்தார்கள். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்: 1,850 ரூபாய். பக்கத்தில் பளபளவென்று தேய்த்த கொட்டாங்குச்சி, அதற்குள்ளும் ஒரு மெழுகுவர்த்தி. அது 950.

ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். கொட்டாங்குச்சியேதான்.

ஸ்ரீரங்கம் திரும்பியதும் முதல் வேலையாக ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். கயிறு பத்து ரூபாய். மெழுகுவர்த்தி வீட்டில் மின்வெட்டுக் காலத்து மிச்சம் இருந்தது. மணல் கொள்ளிடத்திலிருந்து இரண்டு கைப்பிடி. (கொள்ளிடத்து மணலை யார் யார் எவ்வளவு அள்ளினார்கள் என்பது தனிப் பதிவுக்கான விஷயம். என் பங்கு இந்த இரண்டு கைப்பிடிதான்.) ராத்திரி அதை ஏற்றிக் கூடத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதை ஊதி அணைத்துவிட்டு, "பாட்டில்ல நெருப்பு வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்" என்றார்.

சொல்லியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம். அத்தையின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி ஒரு தழும்பு உண்டு. அதையும் இதையும் நான் முடிச்சுப் போட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் சொன்னதைப் பின்னால் எழுதுகிறேன். அதைக் கேட்ட பிறகு கொஞ்ச நாள் விளக்கைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்புகள் அப்படிச் சேர்ந்தவை.

முதலில் ஒரு சின்ன விஷயம். 'கேண்டில் ஸ்டாண்டு' என்பதற்குத் தமிழில் புழங்கும் சொல் கிடையாது. 'மெழுகுவர்த்தித் தாங்கி' என்று அகராதி சொல்லலாம். எந்த வீட்டிலும் யாரும், "அந்த மெழுகுவர்த்தித் தாங்கியை எடு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நம் வீடுகளில் மெழுகுவர்த்தியை எப்படி நிறுத்துவோம்? கவிழ்த்த டம்ளர் மேல் நாலு சொட்டு மெழுகை உருக்கி விட்டு, சூடு ஆறுவதற்குள் அடிப்பாகத்தை அழுத்தி ஒட்டிவிடுவோம். டம்ளர் கிடைக்காவிட்டால் எவர்சில்வர் தட்டு, அதுவும் இல்லையென்றால் கொட்டாங்குச்சி. 2012 மின்வெட்டில் தமிழ்நாடு முழுக்க இதுதான் நடந்தது. மறுநாள் காலை டம்ளரில் ஒட்டிய மெழுகைச் சுரண்டுவது வீட்டில் யாராவது ஒருவருடைய வேலை.

சொல் இல்லாததற்குக் காரணம் எளிது. நம்முடைய விளக்கு எண்ணெய் விளக்கு. எண்ணெய்க்கு முதலில் வேண்டியது பாத்திரம். அகல்தான் விளக்கு, அதைத் தனியாக ஒன்று தாங்க வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி அப்படியில்லை. தன் எரிபொருளைத் தானே கட்டியாகச் சுமந்துகொண்டு நிற்கிறது, சாயாமல் யாராவது பிடித்துக்கொண்டால் போதும். மெழுகு நமக்குத் தெரியாத பொருளா என்றால், நன்றாகத் தெரிந்த பொருள். தேன்மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றித்தான் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்தார்கள். சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான். மெழுகை எரித்து வெளிச்சம் பார்க்க வேண்டும் என்ற தேவை, எள்ளும் ஆமணக்கும் இலுப்பையும் விளைகிற ஊரில் எழவில்லை.

ஆனால் 'பெரிய இடத்து விளக்கைப் பார்த்து ஏங்குவது' மட்டும் இங்கே ரொம்பப் பழைய வழக்கம். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் அரண்மனை அந்தப்புரத்தில் யவனர்கள் செய்த பாவை விளக்கு நிற்கிறது. கையில் ஏந்திய அகலில் நெய் நிறைய ஊற்றி, பருத்த திரி போட்டு எரிகிறது. யவனர் என்றால் கடல் கடந்து வந்த கிரேக்கரும் ரோமரும். அதாவது அன்றைய இறக்குமதிச் சரக்கு, விலைச் சீட்டு இல்லாத 1,850 ரூபாய்! அதே பாட்டில் கொஞ்சம் முன்னால், ஊருக்குள் பெண்கள் மாலை நேரத்தில் ஏற்றுவது இரும்பு விளக்கு. மழைக்கால இருட்டு ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். நக்கீரர் இரண்டையும் ஒரே பாட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார். வேண்டுமென்றே செய்தாரா தெரியாது, எனக்கு அந்த இடம் பிடிக்கும்.

பிற்பாடு பாவை விளக்கு முழுக்க நம்மூர்ச் சரக்காகிவிட்டது. இங்கேயே வார்த்தார்கள், முகம் நம்மூர் முகமானது. கோயிலுக்கு விளக்கு நேர்ந்துகொண்ட பெண்கள் தங்கள் உருவத்தையே பாவையாகச் செய்து வைப்பதுவரை போனது. திருவிடைமருதூர் கோயிலில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்து அம்முனு அம்மணி அப்படிக் கையில் விளக்கோடு நின்றுகொண்டிருக்கிறார். யவனர் எங்கிருந்து எங்கே வந்துவிட்டார் பாருங்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். இந்தக் கோயில் கல்வெட்டுகளே தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆம் தொகுதியை நிரப்புகின்றன. சோழ நாட்டுக் கோயில் கல்வெட்டு எதை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருவது நந்தா விளக்கு. அணையாமல் இரவும் பகலும் எரிய வேண்டிய விளக்கு. இதில் விளக்குத் தண்டின் விலை சின்ன விஷயம், எரிய வைப்பதுதான் பெரிய செலவு. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு ஆடு. ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு, தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96. இடையர்கள் அந்த மந்தையை ஏற்றுக்கொண்டு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையில் கிழடு கழிந்து குட்டி சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதால் அதற்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. வங்கியில் வைப்புநிதி போடுகிற மாதிரிதான். முதல் அப்படியே இருக்கும், வட்டி நெய்யாக வரும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அரை விளக்கு. முழு விளக்குக்கு வசதி இல்லாதவர்கள் பாதி ஆடு கொடுத்து அரை விளக்கு வைத்திருக்கிறார்கள். அரை விளக்கை எப்படி ஏற்றுவது என்று யோசித்தால் சிரிப்பு வரும். கணக்கில்தான் அரை, கொடுத்தவர் மனதில் முழு விளக்கு. ராஜாவும் தளபதியும் கொடுக்கிற அதே தர்மத்தை நம்மால் முடிந்த அளவில் செய்துவிட வேண்டும் என்கிற எண்ணம். அதே கல்வெட்டுகளில் 'ஈழ விளக்கு' என்று ஒரு வகையும் வருகிறது. அதைக் குறித்துவைத்துக்கொண்டேன், பிறகு வேறொரு காரணத்துக்காக ஈழத்துக்குப் போக வேண்டியிருந்தது.

மெழுகுவர்த்தி இந்த ஊருக்குள் ஐரோப்பியர்களோடுதான் பழக்கத்துக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் திருச்சி பட்டாளத்து ஊர். ஷ்வார்ட்ஸ் ஐயர் 1766இல் கட்டிய கிறைஸ்ட் சர்ச் கோட்டைக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து மெழுகுவர்த்தி பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. திருச்சி சித்திரை வெயிலில் அது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்குத் தலைக்கு மேலே பங்கா ஆடும், சுடர் நிற்காது. அதனால் வெள்ளைக்காரத் துரைகளே நம் எண்ணெய்க்கு வந்தார்கள். கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர், மேலே தேங்காய் எண்ணெய், அதில் ஒரு திரி, காற்றுக்கு மறைப்பாகக் கண்ணாடிக் கூண்டு. இன்றைக்கு நட்சத்திர ஓட்டல் மேஜையில் மிதக்க விடுகிறார்களே, அதன் தாத்தா.

வெயிலுக்குத் தாங்கும் மெழுகுவர்த்தி வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். முதலில் கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டியரின், அப்புறம் பாரஃபின். பர்மாவில் எடுத்த கச்சா எண்ணெயில் மெழுகுச் சத்து அதிகம். 1886இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனி மெழுகுவர்த்தியும் செய்து விற்றது. மெழுகுவர்த்தி அதற்குப் பிறகுதான் சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது. மேலப்புதூர், பாலக்கரைப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு மூங்கில் குச்சியில் கட்டிக் கலர் பேப்பர் ஒட்டும் நட்சத்திரத்துக்குள் பல்பு வருமுன் எரிந்தது அதுதான்.

அதே பூமிக்கடியிலிருந்து வந்த இன்னொன்றுதான் நிஜமாகவே வீடுகளை மாற்றியது. மண்ணெண்ணெய். கிராமத்தில் சீமெண்ணெய், சீமையிலிருந்து வந்த எண்ணெய். நம் எண்ணெய் கெட்டி, அகலில் திறந்து வைத்தாலும் மெதுவாக எரியும். சீமெண்ணெய் தண்ணீர் மாதிரி. மூடி வேண்டும், திரிக்குக் குழாய் வேண்டும், புகை போகச் சிம்னி வேண்டும். அதாவது முதல்முறையாக விளக்கு என்பது கடையில் வாங்கியே ஆக வேண்டிய எந்திரமானது. டீட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் அரிக்கேன் விளக்கு உலகம் முழுக்கப் போயிற்று. சுதேசி உற்சாகத்தில் மகாராஷ்டிரத்து ஓகலே கண்ணாடித் தொழிற்சாலை 'பிரபாகர்' லாந்தர் செய்தது. வசதியுள்ளவர் வீட்டில் மேஜை விளக்கு: பீங்கான் அடி, உயர்ந்த கண்ணாடிச் சிம்னி, மேலே குடை.

வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? எண்ணெய் வந்த தகர டின்னையே வெட்டி விளக்கு செய்தார்கள். இன்னும் சுலபம், மை பாட்டில். மூடியில் ஆணியால் ஓட்டை. தகரத் துண்டை பென்சில் மேல் சுருட்டிக் குழாய். பழைய வேட்டிக் கிழிசலில் திரி. ஒரு பைசா செலவில்லை. புட்டி விளக்கு, குப்பி விளக்கு, சிமிழி விளக்கு என்று ஊருக்கு ஒரு பெயர். ஒரு தலைமுறையே அதில் படித்தது. 'விளக்கு வெளிச்சத்தில் படித்து முன்னுக்கு வந்தார்' என்று மேடையில் சொல்கிறார்களே, அது பெரும்பாலும் இந்த விளக்குதான். மேடையில் சொல்லாத பாதி அத்தையின் கையில் இருக்கிறது.

அத்தை சொன்னது இது. லால்குடி பக்கம் கிராமம். தெருக்கோடி வரை கரண்டு வந்துவிட்டது, வீட்டுக்கு வரவில்லை. தாத்தா மிராசுதார் வீட்டில் கணக்கு எழுதப் போவார். அங்கே அந்த உயரமான மேஜை விளக்கைத் தினமும் பார்த்திருக்கிறார். அத்தை நாலாவது படிக்கும்போது மகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மை பாட்டில் விளக்கு தரையோடு கிடக்கிறது, குனிந்து படித்தால் கண் கெடும் என்று காரணம் வேறு. ஒரு உயரமான டானிக் பாட்டிலை எடுத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, கிழிசல் துணி சுற்றி இறுக்கினார். மேலே கம்பி வளைத்துப் பச்சைக் காகிதத்தில் குடை.

"அவ்வளவு அழகா இருந்துச்சுடா" என்றார் அத்தை. "தெருவே வந்து பார்த்துச்சு. மிராசுதார் வீட்டு விளக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுச்சுன்னு நான் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வந்தேன். அந்தப் பாவாடைதான் பாட்டிலைத் தட்டிச்சு."

உயரமான பாட்டில் லேசான தட்டலில் சாயும். துணி சுற்றிய மூடி கழன்று வரும். எண்ணெய் முழுக்கக் கொட்டும், சுடர் பின்னாலேயே போகும். எல்லாம் ஓரிரு நொடி. பாட்டி சாக்கை நனைத்துப் போர்த்தியதால் கை மட்டும் போயிற்று. "அப்பா அதுக்கப்புறம் என்னை ராத்திரில படின்னு சொன்னதே இல்ல" என்றார் அத்தை. எட்டாவதோடு நின்றுவிட்டார். அதற்கு இது காரணமா என்று நான் கேட்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இலங்கையில் இதே விபத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். பெயர் விஜய கொடகும்புர. போத்தல் விளக்கு சாய்ந்து வெந்துபோனவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து, 1990களின் தொடக்கத்தில் அவர் விளக்கையே மாற்ற முனைந்தார். அவருக்கு வழி காட்டியது மார்மைட் பாட்டில். குட்டையாக, குண்டாக, தட்டினாலும் சாயாத வடிவம். அதைப் பின்பற்றிக் கனமான கண்ணாடியில், உருண்டு ஓடாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு சின்ன விளக்கு. 1998இல் இதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தாத்தா செய்த விளக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயரத்துக்குக் குட்டை, துணி சுற்றிய மூடிக்குத் திருகு மூடி. அழகு என்று தாத்தா எதையெல்லாம் சேர்த்தாரோ அதையெல்லாம் இவர் எடுத்துவிட்டார்.

இதைப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் கொட்டப்பட்டு பக்கம் இருக்கும் ஈழத்து அக்கா ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். 1990க்குப் பிறகு அங்கே மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. அவர் உடனே கையால் வரைந்து காட்டினார். "ஜாம் போத்தல் விளக்கு தம்பி. அடியில கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையிற அளவுக்குத்தான் எண்ணெய் விடுவம், அதுக்கு மேல விட எண்ணெய் எங்க கிடக்கு? சைக்கிள் வால்வுக்குள்ளால மெல்லிய திரி. அவ்வளவுதான். அதிலதான் நான் ஓ.எல். படிச்சனான்."

"சாய்ஞ்சா?" என்று கேட்டேன்.

"சாய்ஞ்சா என்ன, அதில ஊத்துறதுக்கு என்ன கிடக்கு?"

எனக்குச் சுரீர் என்றது. பஞ்சு எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது. குட்டைப் போத்தல் சாய்வதில்லை. சுடர் போத்தலுக்குள்ளேயே இருப்பதால் கண்ணாடியே சிம்னி. மருத்துவர் யோசித்து யோசித்து அடைந்த இடத்துக்குத் தட்டுப்பாடு இவர்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பாதுகாப்புக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை, எண்ணெயை மிச்சம் பிடிக்கச் செய்தார்கள். சென்னைக் கடையில் விளக்கொளியில் மின்னிய அந்த 1,850 ரூபாய் பாட்டிலை அந்த அக்காவிடம் போனில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நாங்கள் இதை விட்டிட்டு ஓடி வந்தனாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

சரி, இப்போது என் ஊறுகாய் பாட்டில். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். மெழுகுவர்த்தி அடிவரை எரிந்தால் சுடரின் சூடு நேரே கண்ணாடி அடியில் இறங்கும், ஒரே இடத்தில் சூடேறிய கண்ணாடி டப்பென்று விரிசல் விடும். கடைக்காரர்கள் அழகுக்காக என்று நான் நினைத்த மணலுக்கு இங்கேதான் வேலை: சூட்டைத் தடுக்கிறது, அடியில் கனமும் கொடுக்கிறது. ஆக மணல் குறைந்தது இரண்டு விரல்கடை, ஈரமில்லாமல். கழுத்தில் கயிறு சுற்றுவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், எரியும் பொருளை நெருப்பின் வாயருகே கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவிழ்த்துவிட்டேன். கொட்டாங்குச்சிக்கும் அதே பயம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசினால் கருங்காலி மாதிரி மின்னுகிறது. ஆனால் மெழுகுவர்த்தியை அதில் நேரடியாக வைக்காமல் உள்ளே ஒரு மண் அகலை உட்காரவைத்து அதில் வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது அகலிலேயே செய்தது. ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் இன்னொன்றை நிமிர்த்து ஒட்டினால் குட்டையான பீடம் மாதிரி ஆகிறது. கார்த்திகை முடிந்த வாரம் தெருவில் மிச்ச அகல் சல்லிசாகக் கிடைக்கும். மூன்றாவது அகலைச் சேர்த்து உயரமாக்கலாம். நான் ஆக்கவில்லை.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நெருப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2004 ஜனவரி 23 அன்று இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் மாடிக் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டதில் மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கேற்றவில்லை என்று அத்தை சொல்வார்.

போன வெள்ளிக்கிழமை மணல் போட்ட பாட்டிலையும் அகல் பீடத்தையும் கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன். இம்முறை ஏற்றவில்லை. அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டிலின் கழுத்தில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். அசைந்து திரும்ப நின்றது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினார். பிறகு புடவைத் தலைப்பை அதன்மேல் போட்டு இழுத்துப் பார்த்தார். பாட்டில் கூடவே நகர்ந்ததே தவிர சாயவில்லை. அகல் பீடத்தையும் அப்படியே சோதித்தார்.

"சொம்புல தண்ணி கொண்டுவந்து பக்கத்துல வை" என்றார். வைத்தேன். தீப்பெட்டியை என்னிடம் கொடுக்காமல் அவரே உரசினார்.